கூண்டுக்குள் வந்த முதல் காலடி

அன்பு மகள் நெவேனாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் கோழிகளும் சுகமாக இருக்கிறோம், என் இடது முழங்கால் மட்டும் மழைக்கு முந்தின நாளே எனக்குச் சேதி சொல்லிவிடுகிறது, மற்றபடி ஒரு குறையும் இல்லை. அங்கே நீயும் மாப்பிள்ளை பாவெலும் என் பேத்திக் கண்ணு கலினாவும் இருமல் சளி இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, ஒருவர் மேல் ஒருவர் கோபப்படாமல் இருக்கவேண்டும் என்று மாதா படத்துக்கு முன்னால் தினமும் விளக்கேற்றுகிறேன். உங்கள் வலென்சியாவுக்கு வரும் பேருந்து ஓட்டுநரிடம் ஒரு பெட்டி கொடுத்திருக்கிறேன், அதில் வறுத்த மிளகாய் விழுது, வால்நட், காய்ந்த மூலிகை, பிறகு மார்ச் முதல் தேதி கையில் கட்டிக்கொள்ளச் சிவப்பும் வெள்ளையுமாக நானே முறுக்கிய நூல் எல்லாம் இருக்கிறது. கலினாவின் நூலோடு ஒரு இறகும் வைத்திருக்கிறேன், அது எந்தக் கோழியுடையது என்று அவளே கண்டுபிடிப்பாள். இதையெல்லாம் தொலைபேசியில் சொல்லலாமே என்று கேட்பாய். தொலைபேசியில் நான் எதைச் சொன்னாலும் நீ சரிம்மா சரிம்மா என்கிறாய், அந்தச் சரிம்மாவுக்குள் என் பேச்சு பாதி செத்துப்போகிறது. கடிதத்தில் நீ குறுக்கே வரமுடியாது, அதனால்தான் எழுதுகிறேன், கடைசிவரை படி.

ஆகஸ்டு மாதம் ஊருக்குக் கிளம்பும்போது நீ சொன்ன வார்த்தை உனக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை. வெளிவாசல் தாழ்ப்பாளில் ஒரு கை, தோளில் அந்தப் பழுப்புப் பை. கலினா குஞ்சுகளை விட்டு வரமாட்டேன் என்று மூக்கு ஒழுக அழுதுகொண்டிருந்தாள். நீ என்னைப் பார்த்து, அம்மா, இந்தக் குஞ்சுங்க குளிரத் தாண்டி உசுரோட இருந்துச்சுன்னா அடுத்த கோடை லீவு முழுக்க இவள உன்கிட்டயே விட்டுடறேன், என்றாய். சொல்லிவிட்டு மாப்பிள்ளையைப் பார்த்து லேசாகச் சிரித்தாய். எனக்குக் காதுதான் மந்தம், கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்மா வீட்டுக் கோழிகளில் பாதி ஒவ்வொரு குளிருக்கும் சாகும், ஏழு குஞ்சும் பிழைக்கவா போகிறது என்ற தைரியத்தில் கொடுத்த வாக்கு அது. ஒரு வாரம் வந்து போகிற பிள்ளையைக் கோடை முழுக்க வைத்துக்கொள்ள எனக்குக் கிடைத்த ஒரே வழியும் அதுதான். அதனால் நான் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

பேருந்து திரும்பிய மறுநாளே வேலையை ஆரம்பித்தேன். நம் கோழிக்கூண்டு தோட்டத்தின் கீழ்க்கோடியில், வெலிகாவின் வேலியை ஒட்டி இருப்பது உனக்குத் தெரியும். உன் அப்பா இருந்தபோது அதைச் சுற்றிலும் தார்த்தாள் அடித்து வைத்திருந்தார். நான் அதற்கு மேல் பசுமைக்குடிலுக்கு வாங்கிய கெட்டி பிளாஸ்டிக் தாளை இரண்டு சுற்றுச் சுற்றி ஆணி அடித்தேன், பலகை இடுக்குகளில் உன் அப்பாவின் பழைய கம்பளிக் காலுறைகளைத் திணித்தேன். பின்சுவரில், கூரைக்குக் கீழே ஒரு கண்ணாடிச் சன்னல் உண்டல்லவா, அது வெலிகாவின் முற்றத்தைப் பார்த்திருப்பது, அதன் மேலிருந்த தார்த்தாள் கிழிந்து போயிருந்தது, அங்கே மட்டும் கூடுதலாக ஒரு பலகையும் அடித்தேன். காற்று வராமல் இருக்க என்று சொல்லிக்கொண்டேன். அவள் முகம் தெரியாமல் இருக்கவும்தான்.

உன் அத்தை வெலிகாவுக்கும் எனக்கும் ஏன் பேச்சில்லை என்று நீ கேட்கும்போதெல்லாம் பழைய கதை என்று விட்டுவிடுவேன், இப்போது சொல்லிவிடுகிறேன். உன் கல்யாணத்துக்கு முந்தின வருஷம், கிறிஸ்துமஸுக்கு முன்னால் வருகிற இக்னாட் நாள் காலை. அன்று யார் கால் வீட்டுக்குள் முதலில் படுகிறதோ அந்தக் கால்தான் வருஷம் முழுக்க வீட்டை ஆளும், கோழி முட்டையிடுவதும் ஆடு குட்டி போடுவதும் அதன்படிதான். வருகிறவர் கையில் ஒரு குச்சியோ வைக்கோலோ கொண்டுவரவேண்டும், அடுப்பைக் கிளறவேண்டும், உட்காரவேண்டும். அவர் உட்கார்ந்தால்தான் கோழி அடைக்கு உட்காரும். வீட்டிலிருந்து அன்று ஒரு துரும்பும் வெளியே போகக்கூடாது. இதெல்லாம் தெரிந்த உன் அத்தை விடிந்ததும் விடியாததுமாக வெறுங்கையோடு வந்து நிலைப்படியில் நின்றாள். நின்றாள், உட்காரவில்லை. நின்றபடியே, அண்ணி, மாவு சலிக்கணும், உன் சல்லடையக் கொஞ்சம் குடு, என்றாள். கொடுக்கவில்லை. கோபித்துக்கொண்டு போனாள். அந்தக் குளிரில் ஒரு கோழிகூட மிஞ்சவில்லை, எல்லாம் மூக்கு ஒழுகி, இழுத்து இழுத்து மூச்சுவிட்டுச் செத்தது. அடுத்த வருஷத்திலிருந்து லாசோ கிழவரை நானே அழைத்துவிடுவேன், ராசியான கால் அவருக்கு, அவர் வந்து போகும்வரை வெளிவாசலுக்குப் பூட்டு. அதற்கப்புறமும் பாதிக் கோழி செத்ததே என்று கேட்காதே. லாசோ வந்ததால்தான் பாதியாவது பிழைத்தது என்று நான் கணக்கு வைத்திருந்தேன்.

இந்த டிசம்பரில் பனி விழவே இல்லை. மழையும் பனியும் கலந்து ஒரு சேறுதான் வானத்திலிருந்து விழுந்தது, ஆற்றுப் பக்கத்து மூடுபனி மதியம்வரை தோட்டத்தை விட்டு எழுந்திருக்காது. கோழிகள் தும்ம ஆரம்பித்தன. காலையில் கூண்டைத் திறந்தால் வெங்காயம் உரித்தது போலக் கண் கரிக்கும். பலகையெல்லாம் வியர்த்து, கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக அவற்றின் முதுகில் விழும். சேவலின் கொண்டை நுனி கருத்துப்போயிற்று. குளிர்தான் எங்கேயோ புகுந்துவிடுகிறது என்று நினைத்து இன்னும் இரண்டு காலுறை திணித்தேன். ஈர வைக்கோல் மேலேயே புது வைக்கோல் போட்டேன். கலினா பெயர் வைத்தாளே நாரஞ்சா, ஆரஞ்சு நிறத்துக் குட்டி, அது கட்டையில் ஏறாமல் மூலையில் சிறகைத் தொங்கப் போட்டு உட்கார்ந்துவிட்டது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கலினாவின் கோடை லீவு மூலையில் உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும். இந்தச் சமயம் பார்த்து லாசோ கிழவர் படியில் சறுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு லோவெச் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். வேறு யாரைக் கூப்பிடுவது, எந்தக் கால் எப்படிப்பட்டதோ. கெட்ட காலைவிட எந்தக் காலும் இல்லாதது மேல் என்று முடிவு செய்து இக்னாட் நாளைக்கு முந்தின சாயங்காலமே வாசலைப் பூட்டிச் சாவியை மாவு டப்பாவில் போட்டுவிட்டேன்.

விடிந்தபோது நல்ல மழை. கோதுமை வேக வைத்துவிட்டு, ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு அடுப்படியில் இருந்தேன். பாட்டு நின்ற இடைவெளியில் கீழே தோட்டத்தில் தட்டும் சத்தம், கோழிகளின் கூச்சல். மரநாய் புகுந்துவிட்டது என்று அடுப்புக் கம்பியை எடுத்துக்கொண்டு ஓடினேன். கீழ்த்தோட்டமெல்லாம் தண்ணீர், வாய்க்கால் உடைத்துக்கொண்டு கூண்டுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. கதவு வெளித்தாழ்ப்பாள் போட்டபடியே இருக்கிறது, ஆனால் உள்ளிருந்து யாரோ உதைக்கிறார்கள். கம்பியை ஓங்கிக்கொண்டு யாரது என்றேன்.

மரநாய் பேசியது. "அண்ணி, கதவத் தொற. உன் கோழிங்க தண்ணில நிக்குது, நானும் நிக்கறேன்." நீ எப்படி உள்ளே போனே என்றேன். "சன்னல் வழியா. விறகு மேல ஏறி, பலகையப் பேத்து, கண்ணாடிய ஒடச்சிட்டேன். வேலிக்கு அந்தாண்டேருந்து எத்தன தடவ கத்துனேன், செவிட்டுக் காதுக்கு ரேடியோ வேற. திட்டறதுன்னா நான் வெளிய வந்தப்புறம் திட்டு." இன்னைக்கு என்ன நாள்னு தெரியுமா என்று கேட்டேன். "தெரியாமலா? அதுக்குத்தானே உன் வாசப்பக்கமே வரல. வாசப்படிய மிதிக்கல, முற்றத்த மிதிக்கல. கோழிக்கூண்டு வீட்டுக் கணக்குல வராது அண்ணி." எனக்குத் தாழ்ப்பாளில் கை வைக்கத்தான் முடிந்தது, இழுக்க முடியவில்லை. திறந்தால் அவள் கால் என் மண்ணில் படும், அன்றைக்கு முதல் கால் அதுதான், கலினாவின் கோடை லீவு அதோடு போயிற்று. நான் யோசிப்பது அவளுக்குக் கதவு வழியாகவே தெரிந்துவிட்டது போல. "யோசி யோசி, நல்லா யோசி. இந்த ஆரஞ்சுக் கோழி அதுவரைக்கும் மூச்ச அடக்கிக்கிட்டு இருக்கும்" என்றாள். நான் இழுப்பதற்குள் அவளே ஓர் உதை விட்டாள், தாழ்ப்பாள் கொண்டி பிய்ந்து சேற்றில் விழுந்தது. மேல்சட்டைக்குள் நாரஞ்சாவை நுழைத்து வைத்துக்கொண்டு, தலையெல்லாம் கோழி இறகும் கண்ணாடித் தூளுமாக உன் அத்தை வெளியே வந்தாள். வயது அறுபத்தெட்டு.

மற்றவற்றை இரண்டு பேருமாகத் தூக்கி மேலே விறகுக் கொட்டகையில் விட்டோம். அப்புறம் வீட்டு வாசல்வரை வந்தவள் படிக்குக் கீழேயே மழையில் நின்றுகொண்டாள். கோழியை நீட்டி, "இந்தா, வாங்கிக்க. நான் வேலியத் தாண்டிப் போயிடறேன், யாரும் பாக்கல" என்றாள். எனக்கு அந்தப் பழைய காலைப்பொழுது அப்படியே கண்ணில் வந்து நின்றது. வந்தவ வந்துட்டே, மறுபடியும் நின்னுட்டுப் போயித் தொலையாதே, உள்ள வந்து உக்காரு, என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். "நெஜமாவா சொல்றே? அப்புறம் எந்தக் கோழி தும்மினாலும் என் கால்தான்னு சொல்லுவே" என்றாள். சொல்லுவேன், முதல்ல உக்காரு, என்றேன். உட்கார்ந்தாள். முக்காலியைச் சுற்றித் தண்ணீர் குளமாகத் தேங்கியது. கையில் குச்சி இல்லை, தலையில் ஒட்டியிருந்த வைக்கோலை எடுத்துக் காட்டி இது போதுமா என்றாள். போதும் என்றேன். அடுப்பைக் கிளறி, எத்தனை பொறியோ அத்தனை குஞ்சு, எத்தனை பொறியோ அத்தனை ஆட்டுக்குட்டி, எத்தனை பொறியோ அத்தனை பிள்ளை என்று முறையாகச் சொன்னாள், அடைக்கோழி மாதிரிக் கொக்கரிக்கவும் செய்தாள். அவள் அக்குளில் இடுக்கியிருந்த நாரஞ்சா ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது, இது என்ன கோழி என்று. நான் வழக்கப்படி அவள் மேல் கோதுமையை அள்ளி எறிந்தேன். "கண்ணுல விழுந்துடுச்சு, வேணும்னுதானே எறிஞ்சே" என்றாள்.

நாரஞ்சாவை அடுப்பருகே வைக்கப் போனேன். வைக்காதே என்று தடுத்துவிட்டாள், இப்போது சூட்டில் வைத்து நாளை குளிரில் விட்டால் அதுதான் கொல்லும் என்று துணியால் இறகோடு இறகாகத் துடைத்து, காற்றுப்படாத நடைவழியில் வைக்கோல் கூடையில் வைத்தாள். வெதுவெதுப்பான தண்ணீரில் ரொட்டியை ஊறவைத்துக் கொடுத்தோம், மூன்றாம் நாள் தானாகக் கொத்தித் தின்றது.

தண்ணீர் வடிந்ததும் கூண்டுத் தரையில் உடைந்த செங்கல் பரப்பி, மேலே பலகை போட்டு, ஈர வைக்கோல் முழுவதையும் வாரி எறிந்துவிட்டுக் காய்ந்ததாக முழங்கால் உயரத்துக்குப் போட்டேன். உடைந்த கண்ணாடிக்கு மட்டும் பண்டிகை நாட்களில் ஆள் கிடைக்கவில்லை. பலகை அடிக்கலாம் என்றால் வெலிகா, இருக்கட்டும் அண்ணி, ரெண்டு நாள் பாரு, என்றாள். மரநாய்க்குப் பயந்து நெருக்கமான கம்பிவலை மட்டும் அடித்து, மேலே மழைத்தண்ணீர் அடிக்காமல் ஒரு தகரத்தைச் சாய்த்து வைத்தேன். கோழிகள் உட்காரும் கட்டையை ஒரு முழம் கீழே இறக்கினோம், காற்று அவற்றின் தலைக்கு மேலேயே போய்விட வேண்டும், உடம்பில் அடிக்கக்கூடாது. இரண்டாம் நாள் காலை கதவைத் திறந்தேன், கண் கரிக்கவில்லை. பலகை வியர்க்கவில்லை. ஜனவரியில் ஆண்டவர் ஞானஸ்நானத் திருநாள் சமயம் வாளித் தண்ணீர் அடிவரை உறைகிற குளிர் வந்தது, கோழிகள் இறகை உப்பிக்கொண்டு உருண்டையாக உட்கார்ந்திருந்தன, ஒரு தும்மல் இல்லை. உருண்டைக் கட்டையை மாற்றி அகலப் பலகை போட்டேன், கால்விரல் முழுவதும் வயிற்று இறகுக்குள் அடங்கிவிடுகிறது. கொண்டைகளுக்குப் பன்றிக்கொழுப்பு தடவினேன், சேவல் மட்டும் மாப்பிள்ளை முறுக்கில் கொத்தவந்தது. சாயங்காலம் ஒரு பிடி மக்காச்சோளம், அது இராப்பொழுது முழுக்க வயிற்றுக்குள் அடுப்பு எரிகிற மாதிரி. மழைநாளில் மண்ணில் புரள வழியில்லாததால் ஒரு பெட்டியில் சாம்பல் வைத்தேன். அந்தச் சாம்பலைச் சலித்துத்தான் போடவேண்டும், ஆணியும் கரிக்கட்டியும் கிடக்கும். யார் சல்லடையால் யார் சலித்தது என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை. சலித்து முடித்ததும் உதறி, அவளிடமே கொடுத்து, எடுத்துட்டுப் போ, எனக்கு வேற இருக்கு, என்றேன். வேறு இல்லை.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். உன் அத்தை கடையில் ரொட்டி வரிசையில் நின்றுகொண்டு, என் கால் பட்ட ராசி, அண்ணி வீட்டுல ஒரு கோழி சாகல, என்று ஊருக்கே சொல்லியிருக்கிறாள். மறுநாள் நான் போனபோது கடைக்காரி டோஷ்கா, அப்பிடியாக்கா, வெலிகாக்காவுக்கு அவ்வளவு நல்ல காலா, என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். காலும் இல்லே கையும் இல்லே, கூண்டுல காத்தோட்டம் வந்துச்சு, கோழி பொழச்சுது, கோழி குளிருக்குச் சாகாதுடி ஈரத்துக்குத்தான் சாகும், என்று சொல்லிவிட்டேன். அந்தக் கழுதை விடவில்லை. "அப்ப அந்த வருஷம் செத்ததும் வெலிகாக்கா காலாலே இல்லையா? காத்தில்லாமத்தானா?" என்றாள். வரிசையில் இருந்த அத்தனை பேரும் என் வாயையே பார்த்தார்கள். ஈஸ்ட் வாங்கப் போனவள் வாங்காமலே வந்துவிட்டேன், அன்று ரொட்டி உப்பவில்லை.

நடந்துவரும்போதுதான் நினைவுக்கு வந்தது, இந்தப் பாழாய்ப்போன தலையில் எதுதான் மறக்கிறது. அந்த இக்னாட் நாளில் உன் அப்பா எனக்கு ஒயின் ஊற்றியபோது அவருடைய கட்டைவிரல் நகம் கருப்பாக இருந்தது. கூண்டுக்குத் தார்த்தாள் அடிக்கும்போது சுத்தியல் பட்டு நசுங்கிய நகம். அந்த வருஷ இலையுதிர் காலத்தில்தான் அடித்தார், காற்று புக வழியில்லாமல் சன்னலையும் சேர்த்து. இதை யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம் மட்டும் சொல்கிறேன், நீயும் உன் அத்தைக்குத் தொலைபேசியில் உளறாதே. காற்று என்றால் அவள் கால்மேல் பழியில்லை, கால் என்றால் அவள் கால்தான் ராசி. எந்தப் பக்கம் போனாலும் அவள்தான் ஜெயிக்கிறாள். பரவாயில்லை, நம் செப்புக் கொப்பரையை வாங்கிப்போய் அடியில் பள்ளம் விழத் திருப்பிக் கொடுத்தாளே, அந்தக் கோபம் இருக்கிறது, அது எனக்குப் போதும்.

உன்னிடம் ஒளிக்கவில்லை, கிழட்டுக் கருப்புக் கோழி ஒன்று பிப்ரவரியில் செத்தது. அது வயதாகிச் செத்தது. நீ சொன்ன வார்த்தை இந்தக் குஞ்சுங்க என்பதுதான், கிழவி உன் வாக்கில் சேரவில்லை, நன்றாக நினைத்துப் பார். ஏழு குஞ்சும் ஏழு கோழியாக முற்றத்தில் நடக்கிறது. நாரஞ்சாவின் கொண்டையில் இரண்டு பல் உதிர்ந்திருக்கிறது, அதனால் அழகு குறையவில்லை, கொஞ்சம் சண்டைக்காரி போலத் தெரிகிறது. போன வாரம் முதல் முட்டை இட்டது, புறா முட்டை அளவு. இட்டுவிட்டு அது போட்ட கூச்சலில் வெலிகா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்து, யாருக்கு என்னாச்சு, என்றாள். அந்த முட்டையைத் தின்னவில்லை, ஊதி உள்ளிருப்பதை எடுத்துவிட்டு ஓட்டைக் கலினாவுக்காகப் பஞ்சில் வைத்திருக்கிறேன், பேருந்தில் அனுப்பினால் உடைந்துபோகும், அவளே வந்து எடுத்துக்கொள்ளட்டும்.

அங்கே உங்கள் வீட்டில் படுக்கையறைச் சுவரில் பூஞ்சை பிடிக்கிறது, பிள்ளைக்கு மூக்கடைக்கிறது என்றாயே, குளிருக்குப் பயந்து சன்னலை அடைத்து வைத்திருப்பாய், நீ என் மகள்தானே. ஈரத்துணியை அறைக்குள் காயப்போடாதே, தினமும் சற்று நேரம் மேல்சன்னலைத் திறந்து வை, குளிர்ந்த காற்று வந்தால் வரட்டும், பிள்ளைக்குக் கம்பளி போடு. கோழிக்குச் சொன்னது மனுஷருக்கும்தான்.

பள்ளிக்கூடம் மூடியதும் கிளம்பிவிடுங்கள், செர்ரி அதற்குள் பழுத்துவிடும், தாமதித்தால் மைனாக்கள் தின்றுவிடும். மாப்பிள்ளைக்கு லீவு இல்லையென்றால் பிள்ளையை நீ கொண்டுவந்து விட்டுவிட்டுப் போ, நான் வேண்டாமென்று சொல்லமாட்டேன். அவள் படுக்கையை வெயிலில் போட்டுத் தட்டி வைத்துவிட்டேன். வரும்போது வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டாம், தள்ளினால் திறக்கும். வெலிகா உதைத்ததில் கூண்டுக் கதவின் கொண்டி போயிற்று என்றேனல்லவா, வாசல் பூட்டைக் கழற்றி அங்கே மாட்டிவிட்டேன், மரநாய்க்கு அதுதான் சரி. வாசலுக்கு வேறு பூட்டு வாங்கவில்லை.

உங்கள் மூவருக்கும் கையில் பலம், வீட்டில் வெளிச்சம், தட்டில் ரொட்டி என்றைக்கும் இருக்கட்டும். நூலை வலது கையில் கட்டு, முதல் நாரையைப் பார்க்கும்வரை அவிழ்க்காதே, அங்கே நாரை இல்லையென்றால் பூத்த மரம் ஒன்றைப் பார்த்தால் போதும். கொடுத்த வாக்கை மறக்காதே, நான் மறக்கமாட்டேன் என்பது உனக்குத் தெரியும்.

உன்னைப் பெற்ற அம்மா,
ஸ்டமெனா

இதை மடிக்கும்போது வெலிகா வந்துவிட்டாள், அவளும் விசாரித்ததாக எழுதச் சொல்கிறாள். எழுதிவிட்டேன். கலினாவுக்குச் சன்னல் வழியாகக் கூண்டுக்குள் இறங்கச் சொல்லித்தரப் போகிறாளாம், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.